கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றிச் சொந்தப் பாட்டு: பதிவுக்கும் மேடைக்கும் வழி சொல்லுங்கள்

கேட்டோரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து நான்காவது வீடு எங்களுடையது. அந்தக் கேட்டைப் பற்றியே ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன். அக்கவுண்ட்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான்கு மாதமாக எழுதி, அடித்து, திரும்ப எழுதியது. கூடப் படிக்கும் நண்பன் கீபோர்டில் மெட்டு போட்டான்.

ஐந்து வாரத்தில் கல்லூரிகளுக்கு இடையே கலைவிழா. சொந்தப் பாட்டுப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். நான்கு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு பதிவும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பல்லவி இது:

கேட்டு போட்டாச்சு கேட்டாண்ட நின்னாச்சு
கூட்ஸு வண்டி போறமுட்டும் கத பேசியாச்சு
எண்ணி எண்ணிப் பாத்தேன் அம்பத்தெட்டுப் பொட்டி
எங்கம்மா இடுப்புல ஆறிப்போச்சு சட்டி

அம்மா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் காலையில் இட்லி விற்கிறார். கேட் போட்டால் சட்டியோடு நிற்பார். சின்ன வயதில் நானும் பக்கத்தில் நின்று பெட்டி எண்ணுவேன். நிலக்கரி வண்டி என்றால் 58, பெரும்பாலும் தவறாது.

இப்போது மூன்று சிக்கல்கள். முதலாவது, இரண்டாம் சரணம் மெட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. அதன் தொடக்கம் "காலையில் எழுந்து கடமைகள் முடித்து, காத்திருக்கும் மக்களின் கண்ணீரைத் துடைத்து". இரண்டாவது, வீட்டில் எப்போது பதிவு செய்தாலும் ரயில் சத்தம் உள்ளே வருகிறது. ஸ்டுடியோவில் மணிக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள், எங்களால் முடியாது. மூன்றாவதுதான் மனதை அறுக்கிறது. எங்கள் கல்லூரிக்குள் நடந்த தேர்வுச் சுற்றில் நடுவராக இருந்தவர், "கேட்டாண்ட என்றெல்லாம் மேடையில் பாடக் கூடாது, கேட் அருகே என்று மாற்று, நாகரிகமாக இருக்கும்" என்றார். அப்போது தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாற்றிப் பாடிப் பார்த்தால் வாயில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

ராயபுரம் டோலக்

தம்பி, 26 வருடமாகக் கானா கச்சேரிகளில் டோலக் வாசிக்கிறேன். உன் பல்லவியைப் படித்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன். திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக விழும் நடையில், தானாக உட்காருகிறது. தகிட தகிட என்று போட்டுக்கொண்டு பாடு, எங்கேயும் இடிக்காது.

இரண்டாம் சரணம் ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறாய். சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார். "கேட்டு போட்டாச்சு கேட்டாண்ட நின்னாச்சு" என்பது தாத்த தாத்தாத்த தாத்தாந்த தன்னாத்த. நெடிலும் அழுத்தமுமாக வருகிறது, ஒவ்வொன்றும் டோலக்கின் அடியில் வந்து விழுகிறது. "காலையில் எழுந்து கடமைகள் முடித்து" என்பது தானதன் தனந்த தனதன தனத்த. முதல் "கா" தவிர அத்தனையும் குறில். நாக்கு ஓடிவிடுகிறது, தாளம் பின்னால் நிற்கிறது. உன் நண்பன் என்ன மெட்டு போட்டாலும் அந்த வரியைப் பிடித்து நிறுத்த முடியாது.

எங்கள் ஆட்கள் பாட்டு கட்டும்போது முதலில் பேப்பரை எடுக்க மாட்டார்கள். தன்னானே போட்டு முழுப் பாட்டையும் பாடிவிடுவார்கள். அந்தத் தன்னானேவுக்குள் வார்த்தை வந்து விழும். விழாத இடத்தைத் தன்னானேவாகவே விட்டுவைப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் போகும்போது அங்கே வார்த்தை வரும். நீயும் இரண்டாம் சரணத்தை அழித்துவிட்டுத் தன்னானேவில் தொடங்கு.

கேட்டாண்ட விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் பேசுவதே அப்படித்தான்.

எண்ணூர் காற்று

நான் மூன்றாம் ஆண்டு மாணவன். போன வருடம் இதே மாதிரி ஒரு போட்டியில் சொந்தப் பாட்டு பாடினேன். மதிப்பெண் தாளில் "மொழி நடை" என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் எனக்குப் பத்துக்கு மூன்று. நல்ல பாட்டு, நன்றாகப் பாடினோம், பரிசு வேறு ஆளுக்குப் போனது.

அதனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். போட்டிக்கு "கேட்டருகே" என்று பாடு. பதிவில் "கேட்டாண்ட" என்றே வை. முதலில் உள்ளே நுழைய வேண்டும். பரிசு வாங்கினால் அடுத்த மேடை கிடைக்கும், அங்கே உன் இஷ்டப்படி பாடலாம். ஒரு வார்த்தைக்காக நான்கு மாத உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை டீச்சர்

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்த வார்த்தை பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஆண்ட" என்பது "அண்டை" என்ற சொல். அண்டை வீடு, அண்டை மாநிலம் என்று செய்தித்தாளில் தினமும் வருகிறதே, அதே அண்டைதான். என் அண்டை என்பது என்னண்ட, என்னாண்ட ஆயிற்று. கேட்டின் அண்டை என்பது கேட்டாண்ட ஆயிற்று. பிற ஊர்களில் "கிட்ட" என்றும் "பக்கம்" என்றும் பேச்சு திரும்பிவிட, வடசென்னையில் அண்டை வாய்வழக்கில் அப்படியே தங்கிவிட்டது.

ராயபுரத்தில் எந்தக் கிறிஸ்தவப் பாட்டியிடமும் 23ஆம் சங்கீதம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "தண்ணீர்கள் அண்டையில்" என்று வரும். வேதாகமத்தில் வந்தால் பயபக்தியோடு கேட்கிறோம். மீன் விற்கும் அம்மா சொன்னால் நாகரிகம் இல்லை என்கிறோம். என் வகுப்பிலும் பல ஆண்டுகள் பிள்ளைகளின் "ஆண்ட"வைச் சிவப்பு மையில் வெட்டியிருக்கிறேன். கட்டுரையில் வெட்டியது சரி. ஆனால் பேசும்போதும் திருத்தினேன், அது தவறு. அதற்குப் பிறகு சில பிள்ளைகள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இன்றும் அந்த முகங்கள் நினைவில் இருக்கின்றன.

தம்பி, நடுவரிடம் சண்டை வேண்டாம். கேட்டால் இந்த விளக்கத்தைச் சொல். பாட்டை மாற்றாதே.

இரண்டாம் சரணத்துக்கு ஒரு யோசனையும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தப் பெருமையைச் சரணத்தில் வைக்கலாமே?

ராயபுரம் டோலக்

டீச்சரம்மா, ஆண்ட விளக்கத்தை என் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நன்றி. ஆனால் 1856 வேண்டாம் என்று நினைக்கிறேன். கேட்டில் நிற்பவர் மனதில் அந்த நேரம் 1856 ஓடாது. வெயிலும் ஆறிப்போகும் சட்டியும்தான் ஓடும். பல்லவியில் தம்பியின் அம்மா நிற்கிறார், எனக்கு அவர் முகம் தெரிகிறது. இரண்டாம் சரணத்தில் "மக்கள்" நிற்கிறார்கள், யார் முகமும் தெரியவில்லை. தம்பி, அம்மாவைத் தவிர அங்கே தினமும் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா.

வியாசை சவுண்டு

சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். மைக் செட், ஸ்பீக்கர் வாடகை, சின்னச் சின்னப் பதிவு. வீட்டுப் பதிவு பற்றி எனக்குத் தெரிந்தது.

ரயில் சத்தத்தைப் போர்வை கட்டித் தடுக்க முடியாது, முதலில் அதைப் புரிந்துகொள். போர்வையும் மெத்தையும் அறைக்குள் உன் குரல் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் குடிக்கும். கூட்ஸ் வண்டியின் அடித்தொண்டை உறுமல் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வரும். அதற்கு ஒரே மருந்து நேரம் பார்ப்பது. 58 பெட்டி என்றால் எஞ்சினோடு சேர்த்து 650 மீட்டர் பக்கம் வரும். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்தால் உன் வீட்டைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டு எடு.

ஸ்டுடியோ தேவையில்லை. போனே போதும், முறையாகச் செய்தால். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பாடாமல் அதற்கு முதுகைக் காட்டி நில். மைக்குக்குப் பின்னால், உனக்கு எதிரே, ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடு. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் "போட்டாச்சு"வில் வரும் ப ஓசை மைக்கில் குத்தும். ஃபேனை நிறுத்து. ஃப்ரிட்ஜையும் அந்த நேரத்துக்கு நிறுத்து, பிறகு போட மறந்துவிடாதே. போனை ஃபிளைட் மோடில் வை. லேப்டாப்பில் எடுத்தால் சார்ஜரைப் பிடுங்கிவிடு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லாத வீட்டில் அந்த ஊம் என்ற ஓசை பதிவுக்குள் வந்துவிடும்.

காதில் வயர் உள்ள இயர்போன்தான் போட வேண்டும். புளூடூத்தில் ஓசை கொஞ்சம் தாமதமாக வரும், நீ தாளத்துக்குப் பின்னால் பாடிக்கொண்டிருப்பாய், காரணமே புரியாது. என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேர் இதில்தான் விழுகிறார்கள்.

எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக எடு. அளவு காட்டும் முள் உச்சத்தில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டால் அந்த டேக் போச்சு, எதைச் செய்தும் மீட்க முடியாது. ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசம், இரண்டிலும் பல டிராக் அடுக்கலாம். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, மிச்ச உறுமல் பெரும்பாலும் போய்விடும்.

வரி வரியாக எடுத்து ஒட்டாதே. முழுப் பாட்டையும் மூன்று தடவை பாடு. பிறகு மூன்றிலும் நல்ல வரிகளைச் சேர்க்கலாம். ஒட்டுப்போட்ட பாட்டில் மூச்சு இருக்காது.

பெரம்பூர் அக்கா

சவுண்டு அண்ணா சொன்னதில் பாடுகிறவர் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் பதிவு செய்யும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நம்மை அறியாமல் குரலைக் குறைப்போம். குரல் குறைந்தால் சுருதி இறங்கும். எத்தனை டேக் எடுத்தாலும் "ஏதோ சரியில்லை" என்றே இருக்கும். அம்மாவிடமும் பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டு முழுக் குரலில் பாடுங்கள்.

என்ன கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள்? மேடையில் படபடப்பில் குரல் மேலே போகும் என்று நினைத்துச் சிலர் ஒரு கட்டை இறக்கி வைப்பார்கள். கானாவுக்கு அது சரிப்படாது. மேலே இழுத்துப் பாடும் இடத்தில்தான் அந்தப் பாட்டின் உயிரே இருக்கிறது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில், பெண் பிள்ளை கானா பாடுவதா என்று கேட்டு எங்கள் தெருவிலேயே நிறுத்தினார்கள். பதின்மூன்று வயதில் நிறுத்திய பாட்டை இருபத்தெட்டு வயதில்தான் மறுபடி தொடங்கினேன். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் நம் வடசென்னைக் கானா பாடகி இசைவாணி பெயர் வந்த அன்று என் அம்மா செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் நாகரிகமாக மாற்றிப் பாடி அங்கே போகவில்லை. நம் தெருவில் பேசுகிற தமிழிலேயே பாடிப் போனார். எண்ணூர் தம்பி சொன்னது அக்கறையில் சொன்னதுதான், பத்துக்கு மூன்று வாங்கினால் எப்படி வலிக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் மேடைக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று என்று இரண்டு வாய் வைத்துக்கொண்டால் மேடையில் அந்த வார்த்தை வரும்போது நாக்கு தயங்கும். அந்தத் தயக்கம் கேட்பவர்களுக்குத் தெரியும்.

எண்ணூர் காற்று

அக்கா, தயக்கம் பற்றிச் சொன்னது உண்மை. போன வருடம் நானும் கடைசி நேரத்தில் இரண்டு வார்த்தை மாற்றிப் பாடினேன். அந்த இடத்தில்தான் தாளம் விட்டேன். இதுவரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சட்டம் மூன்றாம் ஆண்டு

பாட்டு பற்றி எனக்குத் தெரியாது, யாருடையது என்பது பற்றிக் கொஞ்சம் தெரியும்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகள் ஒன்று, அது உங்களுடையது. மெட்டு இன்னொன்று, அது கீபோர்டு நண்பருடையது. பதிவு மூன்றாவது, அதைத் தயாரித்தவருடையது. எழுதி முடித்த கணமே உரிமை வந்துவிடும், பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று கிடையாது. விரும்பினால் வரிகளுக்கோ மெட்டுக்கோ தலா 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வரிகளின் உரிமையும் மெட்டின் உரிமையும் அதை உருவாக்கியவர் வாழும் காலம் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும்.

இப்போதே ஒரு தாளில் யார் எதைச் செய்தார் என்று எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பில் என்ன தாள் என்று தோன்றும். பாட்டு நான்கு பேர் காதில் விழுந்த பிறகு இந்தப் பேச்சை எடுப்பதுதான் சங்கடம், இப்போது ஐந்து நிமிட வேலை.

கலைவிழா விண்ணப்பத்தையும் முழுக்கப் படியுங்கள். "சமர்ப்பிக்கும் படைப்பின் எல்லா உரிமைகளும் அமைப்பாளருக்கே" என்று ஒரு வரி சில விண்ணப்பங்களில் இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். நீங்கள் போடும் கையெழுத்து அந்த எழுத்தாகிவிடக் கூடாது. எத்தனை காலத்துக்கு என்று சொல்லாத உரிமை மாற்றத்தைச் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். மாணவனின் முதல் பாட்டுக்கு 5 ஆண்டு என்பது ரொம்ப நீளம்.

இன்னொன்று, இணையத்தில் "இலவச பீட்" என்று கிடைப்பதை எடுத்துப் போடாதீர்கள். பல பீட்டுகள் பணம் ஈட்டாத உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம்.

கேட்டோரம்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன், பின்பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. போட்டியில் ஒளிபரப்ப மட்டும் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று மாணவர் பொறுப்பாளரிடம் கேட்டோம், ஒத்துக்கொண்டார். நண்பனும் நானும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

டோலக் அண்ணா சொன்னபடி மூன்று நாள் கேட்டில் போய் நின்றேன். நான்கு மாதம் எழுதியும் கண்ணில் படாத ஒன்று பட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆயா மோர்ப் பானையோடு உட்கார்ந்திருக்கிறார். நாம் எல்லாரும் கேட் எப்போது தூக்குவான் என்று பார்க்கிறோம். அவர் மட்டும் கேட் போடும்போதுதான் எழுந்து நிற்கிறார். கேட் மூடியிருக்கும் நேரம்தான் அவருக்கு வியாபாரம். கேட் தூக்கியதும் எல்லாரும் ஓடுகிறார்கள், அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காருகிறார். அன்று ராத்திரியே வரி விழுந்தது:

கேட்டு தூக்கிட்டா ஆயாக்கு யாவாரம் போச்சு
மீந்துபோன மோரு வெயிலாண்ட குந்திப் புளிச்சாச்சு

கட்டை பற்றி அக்கா கேட்டார்கள். மூன்று கட்டையில் பாடுகிறேன். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ராயபுரம் டோலக்

இதுதான் பாட்டு. வெயிலாண்ட குந்தி என்று வந்தது பார், அதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும். நீ அனுப்பிய போன் பதிவைக் கேட்டேன். மூன்றாம் வரியில் மெட்டு ஒரு வளைவு வளைகிறதே, அது சாவு வீடுகளில் நாங்கள் ராத்திரி முழுக்கப் பாடும் மரண கானாவில் வரும் வளைவு. உன் நண்பன் சின்ன வயதில் கேட்டு மனதில் தங்கியிருக்கும். அது தனி ஆள் ஒருவரின் சொத்து கிடையாது, தலைமுறை தலைமுறையாகப் பாடி வருவது. எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் மேடையில் சொல்லிவிட்டுப் பாடு. எடுத்த இடத்தைச் சொன்னால் பாட்டுக்குத்தான் மரியாதை.

சட்டம் மூன்றாம் ஆண்டு

டோலக் அண்ணா சொன்னதை அந்தத் தாளிலும் சேர்த்து எழுதிவிடுங்கள். "மூன்றாம் வரியின் மெட்டு மரபுக் கானாவிலிருந்து" என்று ஒரு வரி. சொந்தப் பாட்டுப் பிரிவில் யாராவது கேட்டால் கையில் பதில் இருக்கும். சினிமா மெட்டில் வார்த்தை மாற்றுவது வேறு கதை, அதை இந்தப் பிரிவில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வியாசை சவுண்டு

மேடை நாளுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேலூரில் நிகழ்ச்சி, நேரம் கிடைக்காது.

குரல் இல்லாத டிராக்கைத் தனியாக எடுத்து இரண்டு இடத்தில் வை, பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. கல்லூரி அரங்குகளில் பல நேரம் ஒரு பக்கச் சேனலை மட்டும்தான் மிக்ஸரில் குத்துவார்கள். கீபோர்டை இடது பக்கமும் ஷேக்கரை வலது பக்கமும் தள்ளி வைத்திருந்தால் அன்று ஒன்று காணாமல் போய்விடும். அதனால் டிராக்கை மோனோவாக, இரண்டு பக்கமும் ஒரே ஓசை வரும்படி, எடுத்துக் கேட்டுப் பார், எல்லாம் கேட்கிறதா என்று.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதே. பார்க்கக் கெத்தாக இருக்கும், ஆனால் உடனே கூவும். தண்டைப் பிடி. பாடாத நேரத்தில் மைக்கை மானிட்டர் ஸ்பீக்கர் பக்கம் தொங்கவிடாதே. சவுண்டு செக்கில் ஹலோ ஹலோ சொல்லாமல் பாட்டிலேயே மிக உரக்க வரும் இடத்தைப் பாடு. அப்போதுதான் மிக்ஸரில் இருப்பவருக்கு அளவு தெரியும். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள், அண்ணா என்று கூப்பிட்டு ஒரு வணக்கம் சொல். நாள் முழுக்க யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

டோலக் நேரடியாக வாசிக்கிறீர்களா?

ராயபுரம் டோலக்

தம்பி கேட்டால் நானே வந்து வாசிக்கிறேன். வெளியாள் மேடையேறக் கூடாது என்று விதி இருந்தால் பரவாயில்லை, அவன் கூட்டாளி யாருக்காவது நான்கு ஞாயிறு சொல்லிக்கொடுக்கிறேன். ஏசி அரங்கு என்றால் ஒரு மணி நேரம் முன்னாடியே டோலக்கை உள்ளே வைத்துவிட வேண்டும். கடல் காற்றில் தோல் இளகியிருக்கும், ஏசியில் காய்ந்து இறுகிச் சுருதி ஏறும். மேடையேறிய பிறகு கயிறு இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

பெரம்பூர் அக்கா

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரிக்குப் போயிருந்தேன். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் அதுவரை கானாவை நேரில் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் மூன்றாவது பாட்டில் ஆடினார்கள். தம்பி, முதல் வரிக்கு அரங்கு அமைதியாக இருந்தால் பயப்படாதே. அவர்கள் காது பழக ஒரு நிமிடம் எடுக்கும்.

கேட்டோரம்

மூன்று வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். பதிவு முடிந்து கொடுத்துவிட்டோம், நேற்று மேடையும் ஏறிவிட்டோம்.

பதிவு எப்படி நடந்தது என்று சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி என்று எடுத்துப் பார்த்தோம். கூட்ஸ் வண்டி ராத்திரியில்தான் அதிகம். பகலில் கேட் திறந்திருந்தால் ஹாரன். நான்கு நாள் வீணானது. ஐந்தாவது நாள் மதியம் கேட் போட்டார்கள். ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள். லாரி ஒன்று கடைசியாக அணைந்தது. அதன்பின் வண்டி வரும் வரைக்கும் ஒரு அமைதி. இத்தனை வருடம் அங்கேயே இருந்தும் அப்படி ஒரு அமைதி உண்டு என்று காதில் விழுந்ததில்லை. நண்பன் என்னைப் பார்த்தான், உடனே ரெக்கார்டிங் போட்டோம். அந்த இடைவெளியில் முழுப் பாட்டும் வராது, பல்லவியும் ஒரு சரணமும் வரும். அடுத்த கேட்டுக்கு மீதி. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடச் சொன்னார் சவுண்டு அண்ணா, அது மட்டும் எங்களால் முடியவில்லை. இரண்டு நாளில் ஒன்பது கேட். கடைசியில் வரும் எஞ்சின் சத்தம் ஒரு டேக்கின் முடிவில் சரியாகத் தாளத்தில் விழுந்தது, அதை வெட்டாமல் விட்டிருக்கிறோம்.

மேடையில் டோலக் அண்ணா சொல்லிக்கொடுத்த என் வகுப்புத் தோழன்தான் வாசித்தான். மரண கானா வளைவு பற்றி முதலில் சொன்னேன். "கேட்டாண்ட" வந்தபோது பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. பெட்டி எண்ணும் இடத்துக்கு வரும்போது சிரித்தவர்களே சேர்ந்து தட்டினார்கள். பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒரு அம்மா கீழே வந்து, "வெயிலாண்ட என்று எங்கள் வீட்டிலும் சொல்வோம், அதைக் காதால் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது" என்றார். எண்ணூர் அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்காததற்குத் தப்பாக நினைக்க வேண்டாம்.

எண்ணூர் காற்று

தப்பாக ஒன்றும் இல்லை. என் பழைய பாட்டை எடுத்து அந்த இரண்டு வார்த்தையைத் திரும்ப வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்ததும் இங்கே போடுகிறேன்.

கேட்டோரம்

இன்று காலையில் மோர் ஆயாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு வைத்துக் கேட்டார். அவர் வரி வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் மோர் எந்தக் காலத்தில் புளித்தது? ஈரத்துணி சுற்றித்தான் பானையை வைக்கிறேன். மீந்தால் சாயங்காலம் பேரப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிடுவேன். பாட்டில் பொய் எழுதாதே" என்றார். அவர் சொல்வது சரி. நான் அவரிடம் கேட்கவே இல்லை, தூரத்தில் நின்று பார்த்து எழுதினேன். அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

மீந்துபோன மோர ஆயா பேரனாண்ட ஊத்தியாச்சு

இணையத்தில் ஏற்றும் முன் இந்த ஒரு வரியை மட்டும் புதிதாகப் பாடி உள்ளே வைக்க வேண்டும். ஒட்டியது தெரியாமல் எப்படி எடுப்பது?

ராயபுரம் டோலக்

"பேரனுக்கு ஊத்தியாச்சு" என்று பாடு தம்பி. பேரனாண்ட ஊற்ற மாட்டோம், பேரனாண்ட கொடுப்போம். ஆயாவிடமே சொல்லிப் பார், அவரும் அதைத்தான் சொல்வார்.

வியாசை சவுண்டு

அதே மூலை, அதே போர்வை, அதே சாண் தூரம். அதே மதிய நேரமாகவும் இருக்கட்டும், காலையில் குரல் வேறு மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு வரியிலிருந்தே பழைய டேக்கைக் காதில் போட்டுக் கூடவே பாடிக்கொண்டு வா, புது வரியைக் கடந்து அடுத்த வரியும் பாடி முடி. நடுவில் இருப்பதை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளலாம். கேட் போட்டதும் எடு.